மொட்டை மாடில மியூவான் பாக்கறது எப்படி, பாத்துட்டு மாமாவுக்கு என்ன பதில் சொல்றது

பிசிக்ஸ்ல பெரிய கேள்வின்னாலே நம்மாளுங்க யூடியூப்ல பிளாக் ஹோல் வீடியோவப் போட்டுட்டு உக்காந்துடறாங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, நானும் பாக்கறவன்தான், ஆனா எத்தன வீடியோ பாத்தாலும் காலம்னா என்ன, பொருள் எதனால ஆனதுன்னு கேக்கறப்போ வாய்ல நாலு வார்த்தை வருமே தவிர கையில ஒண்ணும் நிக்காது. என் யோசனை ஒண்ணே ஒண்ணுதான், எல்லா கேள்வியையும் ஒரே நாள்ல கட்டிக்கிட்டு அழாதீங்க, ஒரே ஒரு துகளப் பிடிச்சுக்கங்க, அத கண்ணால பாருங்க, எண்ணுங்க, அதுக்கு ஒரு கணக்கு போடுங்க, மத்த கேள்வியெல்லாம் அது பின்னாலயே தானா வரும். அந்தத் துகள் பேரு மியூவான். சேலத்துக்காரங்களுக்கு இதுல ஒரு கூடுதல் வசதி இருக்கு, வேற ஊர்க்காரங்க இந்தச் சோதனைக்கு மலையத் தேடி அலையணும், நமக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா ஏற்காடு, அவ்ளோதான்.

மொதல்ல இந்த மியூவான் யாருன்னு சொல்லிடறேன். எலக்ட்ரான் தெரியும்ல, அதே ஆளு, அதே மின்னூட்டம், எடை மட்டும் சுமார் 207 மடங்கு. விண்வெளில இருந்து வர்ற காஸ்மிக் கதிர், பெரும்பாலும் புரோட்டான்தான், நம்ம தலைக்கு மேல 15 கிலோமீட்டர் வாக்குல காத்துல மோதும், மோதின இடத்துல பயான்னு ஒண்ணு பொறக்கும், அது நொடியில செத்து மியூவானாவும், நியூட்ரினோன்னு இன்னொரு துகளாவும் மாறிடும். அந்த மியூவான்தான் கீழ வரைக்கும் வருது. எவ்ளோ வருதுன்னா, தரைமட்டத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒண்ணு. உள்ளங்கைய விரிச்சு நீட்டினா செகண்டுக்கு ஒண்ணாவது அது வழியா போய்க்கிட்டே இருக்கு, இத நீங்க படிக்கறப்பவும் போகுது, கூரை, கான்கிரீட் எல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே கிடையாது. பயப்பட வேண்டாம், மனுசன் பொறந்ததுல இருந்து இது இப்படித்தான்.

இத கண்ணால பாக்க ஒரு பெட்டி வேணும், பேரு க்ளவுட் சேம்பர், மேகப் பெட்டின்னு வச்சுக்கங்க. செய்முறைக்குள்ள போறதுக்கு முன்னாடி இது வந்த கதைய சொல்லியே ஆகணும், ஏன்னா கடைசில, "இதனால என்ன யூஸ்?"னு கேக்கற மாமாவுக்கு பதில் சொல்றப்போ இது வேணும். 1894 செப்டம்பர்ல சி.டி.ஆர். வில்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பென் நெவிஸ் மலை உச்சில இருந்த வானிலை நிலையத்துல ரெண்டு வாரம் தற்காலிக வேலைக்குப் போனார். அந்த மலை 1,345 மீட்டர், நம்ம ஏற்காடு 1,500 மீட்டர் பக்கம், அப்போ பாத்துக்கங்க. அங்க மேகத்துல வெயில் பட்டு வண்ண வளையம் தெரியறதப் பாத்து சொக்கிப் போய், இத லேப்ல செஞ்சு பாக்கணும்னு கீழ இறங்கி வந்து கண்ணாடிக் குடுவைக்குள்ள செயற்கை மேகம் உண்டாக்க ஆரம்பிச்சார். தூசி இருந்தாத்தான் துளி கட்டும்னு அப்போ எல்லாரும் நெனச்சுட்டு இருந்தாங்க, இவரு தூசியே இல்லாத காத்துலயும் துளி கட்டறதப் பாத்தார், மின்னூட்டம் ஏறின அணுவே துளிக்கு விதையா போதும்னு புரிஞ்சது. 1911ல அந்தக் குடுவைக்குள்ள தனித்தனி துகளோட தடமே தெரிஞ்சுது. 1927ல நோபல். அந்தப் பெட்டிய வச்சுத்தான் கார்ல் ஆண்டர்சன் 1932ல பாசிட்ரான, அதாவது எலக்ட்ரானோட எதிர்ப்பொருளக் கண்டுபிடிச்சார், 1936ல அவரும் நெட்டர்மையரும் சேந்து இந்த மியூவானையே பிடிச்சாங்க. மேகத்த வேடிக்கை பாக்கப் போன ஆளு, எதிர்ப்பொருள் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டார்.

சாமான் எங்க கிடைக்கும்

வில்சன் பெட்டில பிஸ்டன் எல்லாம் உண்டு, நமக்கு அது வேண்டாம், டிஃப்யூஷன் வகைன்னு ஒண்ணு இருக்கு, அது சும்மா உக்காந்த இடத்துல வேலை செய்யும். வேண்டியது இவ்ளோதான்: ஒரு சின்ன கண்ணாடி மீன் தொட்டி, ஒரு அடி நீளம் இருந்தா போதும், அதோட வாயை மூடற அளவுக்கு ஒரு அலுமினியத் தகடு, கொஞ்சம் ஃபெல்ட் துணி, நல்ல வெளிச்சமான எல்இடி டார்ச், கறுப்பு இன்சுலேஷன் டேப், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ரெண்டு மூணு கிலோ டிரை ஐஸ் (உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு), அத வைக்க தெர்மாகோல் பெட்டி. அக்ரிலிக் தொட்டி வேண்டாம், ஆல்கஹால் பட்டு நாளடைவுல வெடிப்பு விடும், கண்ணாடியே நல்லது.

ஆல்கஹால்னதும் மெடிக்கல்ல போய் சானிடைசர் வாங்கிட்டு வராதீங்க, அது 70 சதவீதம், மிச்சம் தண்ணி, அத ஊத்தினா விடிய விடிய உக்காந்தாலும் ஒண்ணும் தெரியாது. செல்போன் சர்வீஸ் கடையில போர்டு கழுவ ஐபிஏன்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, அதேதான் இது, அவங்க எங்க வாங்கறாங்கன்னு கேட்டா சொல்லிடுவாங்க, ஸ்பேர் பார்ட்ஸ் விக்கற மொத்தக் கடையில லிட்டர் கணக்குல கிடைக்கும், பாட்டில்ல 99னு போட்டிருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க.

டிரை ஐஸ்தான் தலைவலின்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா யோசிச்சுப் பாருங்க, இப்போ எந்தக் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனாலும் பொண்ணு மாப்பிள்ளை வர்றப்போ காலுக்குக் கீழ வெள்ளப் புகை ஓடுதே, அது வேற என்ன? முகூர்த்த நாளுக்கு மண்டபத்துக்கு வேலை செய்யற ஈவென்ட் ஆளுங்க கிட்ட சொல்லி வச்சா அவங்க வாங்கறப்போ உங்களுக்கும் சேத்து வாங்கித் தருவாங்க. ஆடி, மார்கழில கேட்டா கஷ்டம். வாங்கின அன்னைக்கே வேலைய முடிச்சுடுங்க, தெர்மாகோல் பெட்டியிலயே வச்சாலும் அது பாட்டுக்கு ஆவியாகிட்டே இருக்கும், அடுத்த நாளைக்கு மிச்சம் இருக்கறது கேள்விதான்.

இப்போ சொல்லப்போறது விளையாட்டு இல்ல. டிரை ஐஸ் மைனஸ் 78.5 டிகிரி, வெறுங்கையில தொட்டா தோல் உரிஞ்சுடும், தடி கிளவுஸ் இல்லன்னா மடிச்ச துண்டு கண்டிப்பா வேணும். எந்தக் காரணத்துக்கும் பாட்டில்லயோ மூடி டைட்டா இருக்கற டப்பாவுலயோ போட்டு மூடாதீங்க, வெடிக்கும். அது ஆவியாகறது கார்பன் டை ஆக்சைடு, கனமான வாயு, கீழயே தங்கும், சின்ன ரூம்ல கதவ சாத்திட்டு செய்யக் கூடாது, கார்ல கொண்டு வர்றப்போ கூட கண்ணாடிய இறக்கி வச்சுக்கங்க. ஐபிஏ பெட்ரோல் மாதிரி பத்திக்கும், பக்கத்துல விளக்கு, கொசுவத்தி, பீடி எதுவும் கூடாது. அதனாலதான் நான் மொட்டை மாடின்னு சொல்றேன், காத்தோட்டமும் ஆச்சு, இருட்டும் ஆச்சு. பிள்ளைங்க இருந்தா பெரியவங்க ஒருத்தர் முழு நேரமும் கூடவே இருக்கணும்.

கட்டறது

மீன் தொட்டிய கவுத்துப் போடப் போறோம், அதனால அதோட அடிப்பக்கம்தான் இனிமே கூரை. அந்தக் கூரையோட உள்பக்கம் ஃபெல்ட்ட ஒட்டணும், சாதா பசை ஆல்கஹால்ல கரைஞ்சுடும், சின்ன காந்தம் ரெண்டு பக்கமும் வச்சுப் பிடிக்கறது நல்ல வழி. தகட்டோட மேல் பக்கத்துல கறுப்பு டேப்ப இடைவெளி இல்லாம வரிசையா ஒட்டிடுங்க, வெள்ளத் தடம் தெரியணும்னா பின்னணி கறுப்பா இருந்தே ஆகணும். தெர்மாகோல் தட்டுல டிரை ஐஸ தட்டையா பரப்பி, அது மேல தகட்ட வச்சு அழுத்துங்க, கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், அது சரிதான், உலோகம் சூட்டுக்கு ஐஸ் ஆவியாகற சத்தம். தகடு எல்லா இடத்துலயும் ஐஸ்ஸ தொட்டிருக்கணும், சமமாவும் இருக்கணும்.

ஃபெல்ட்ல ஐபிஏவ ஊத்தி நல்லா நனைங்க, சொட்டக் கூடாது. தொட்டிய கவுத்து தகட்டு மேல வச்சு ஓரத்த சுத்தி பிள்ளைங்க விளையாடற களிமண்ணாலயோ டேப்பாலயோ அடைச்சுடுங்க. ஓரத்துல காத்து நுழைஞ்சா கதை முடிஞ்சுது, வேலை செய்யலன்னு யாராவது சொன்னா நான் மொதல்ல ஓரத்தத்தான் பாக்கச் சொல்லுவேன், அடுத்தது ஆல்கஹால் பாட்டில்ல இருக்கற சதவீதத்த. அப்புறம் பத்து பதினஞ்சு நிமிஷம் தொடாம விடுங்க.

உள்ள என்ன நடக்குதுன்னா, மேல ஃபெல்ட் வெதுவெதுப்பா இருக்கு, அங்க இருந்து ஆல்கஹால் ஆவி கீழ இறங்குது, தகட்டுக்குக் கிட்ட வந்ததும் பயங்கர குளிரு, துளியாகணும், ஆனா புடிச்சுக்க ஒண்ணும் இல்லாம தவிச்சுட்டு நிக்குது. அந்த நேரம் ஒரு மின்னூட்டத் துகள் பாஞ்சு போச்சுன்னா வழியில இருக்கற அணுவையெல்லாம் அயனியாக்கிட்டு, அதாவது மின்னூட்டம் ஏத்திட்டுப் போயிடும், அந்த ஒவ்வொரு அயனி மேலயும் ஆவி ஓடி வந்து துளி கட்டும், வானத்துல ஜெட் போன பின்னாடி ஒரு வெள்ளக் கோடு நிக்குமே, அப்படி. ஜெட்ட நாம பாக்கறதில்ல, கோட்டத்தான் பாக்கறோம், இங்கயும் அதே.

எல்லா லைட்டையும் அணைச்சுட்டு டார்ச்ச பக்கவாட்டுல, தகட்டுக்கு ஒட்டினாப்ல தாழ்வா அடிங்க. மேல இருந்து அடிச்சா ஒண்ணும் தெரியாது. மொதல்ல பொடித் தூறல் விழற மாதிரி தெரியும், அப்படி தெரிஞ்சா பெட்டி தயாராகிட்டு இருக்குன்னு அர்த்தம், கொஞ்ச நேரத்துல தகட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத்துல கோடுங்க வர ஆரம்பிக்கும், வந்து ரெண்டு செகண்டுல கலைஞ்சுடும். மேல இருந்து ஆவி பத்தலன்னா ஒரு பிளாஸ்டிக் கவர்ல வெந்நீர் கட்டி தொட்டி மேல வைங்க, தடம் பளிச்சுன்னு ஆகும்.

எது என்னன்னு எப்படி பாக்கறது

குட்டையா, தடியா, புழு மாதிரி ஒரு கோடு வந்தா அது ஆல்ஃபா. காத்துலயே இருக்கற ரேடான் வாயுல இருந்து வர்றது, பாறை மண்ணுல இருக்கற யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமா சிதையறப்போ ரேடான் வெளிய வரும், எல்லா ஊர்லயும் உண்டு. மெல்லிசா, வளைஞ்சு நெளிஞ்சு குடிச்சவன் நடந்த மாதிரி போனா சக்தி கம்மியான எலக்ட்ரான். மெல்லிசா, நூல் புடிச்ச மாதிரி நேரா, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் போச்சுன்னா அது பெரும்பாலும் மியூவான், பெரும்பாலும்னு ஏன் சொல்றேன்னா வேகமான எலக்ட்ரானும் நேராத்தான் போகும், இந்தப் பெட்டில ரெண்டையும் நூத்துக்கு நூறு பிரிச்சுச் சொல்ல முடியாது. இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல, தடம் தெரியற அடுக்கே ஒரு சென்டிமீட்டர் கனம்தான், மியூவான் முக்காவாசி செங்குத்தா மேல இருந்து வர்றதால அது இந்த அடுக்க சட்டுன்னு தாண்டி ஒரு சின்னப் பொட்டாத்தான் தெரியும், நீளக் கோடு போடறது சாஞ்சு வந்தது மட்டும்தான். அதனால நீளக் கோட்டுக்காகவே காத்திருந்து மியூவான் கம்மியா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

கூட ஒரு சோதனை. உரக்கடையில பொட்டாஷ் இருக்கும், மரவள்ளிக் காட்டுக்குப் போடறாங்களே அதேதான், அதுல இருக்கற பொட்டாசியத்துல ஒரு துளியூண்டு பொட்டாசியம்-40, அது இயல்பாவே சிதையும், ஒரு கிராம் உரத்துல செகண்டுக்கு 16 சிதைவு வாக்குல நடக்கும். ஒரு கரண்டி பொட்டாஷ உலர்வா, காகிதத்துல மடிச்சு உள்ள வச்சா எலக்ட்ரான் தடம் கொஞ்சம் கூடறத பாக்கலாம். அப்போ அந்த மரவள்ளில செய்யற ஜவ்வரிசி சாப்பிடலாமான்னு உடனே கேக்காதீங்க, பொட்டாசியம் இல்லாத சாப்பாடே கிடையாது, நம்ம உடம்புலயும் அதே பொட்டாசியம்-40 இருக்கு.

இப்போ ஏற்காட்டுக் கணக்கு

பெட்டி செஞ்சது வேடிக்கைக்கு, இந்தக் கணக்குதான் பெரிய கேள்வி. பேப்பர் பேனா எடுத்துக்கங்க.

ஏற்காடு லேடீஸ் சீட்ல நின்னா கீழ சேலம் மொத்தமும் தெரியும்ல, அந்த உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். மியூவான் கிட்டத்தட்ட ஒளி வேகத்துல வருது, செகண்டுக்கு 30 கோடி மீட்டர். 1,200ஐ 30 கோடியால வகுத்தா 4 மைக்ரோ செகண்ட், அதாவது ஒரு செகண்ட பத்து லட்சமா பங்கு போட்டா அதுல 4 பங்கு. ஏற்காட்டுல இருந்து சேலத்துக்கு அது வர்ற நேரம் அவ்ளோதான். ஆனா மியூவானோட சராசரி ஆயுசே 2.2 மைக்ரோ செகண்ட். லேப்ல நிறுத்தி வச்சு அளந்த கணக்கு இது, ஒவ்வொரு 2.2க்கும் நூத்துல 37தான் மிஞ்சும். அப்போ 4 மைக்ரோ செகண்டுக்கு அப்புறம் எத்தன? கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, 16. ஏற்காட்டுல நூறு மியூவான் கடந்து போச்சுன்னா சேலத்துக்கு 16தான் வந்து சேரணும், மிச்சம் 84ம் வழியிலயே செத்துடணும்.

நெசத்துல அப்படி ஆகறதில்ல, பெரும்பாலானது வந்து சேந்துடுது. இத மலை மேலயும் கீழயும் வச்சு அளந்து பாத்தவங்க இருக்காங்க, ரோஸியும் ஹாலும் 1940கள் தொடக்கத்துல அமெரிக்காவுல கொலராடோ மலையில செஞ்சாங்க, அப்புறம் 1963ல ஃப்ரிஷும் ஸ்மித்தும் வாஷிங்டன் மலையில. உச்சில ஒரு மணி நேரத்துக்கு 563 மியூவான் எண்ணினாங்க. அங்க இருந்து 1,907 மீட்டர் கீழ, ஆயுசுக் கணக்குப்படி 27 வரணும். வந்தது 408.

எப்படின்னா, ஓடற கடிகாரம் மெதுவா ஓடும், ஐன்ஸ்டைன் 1905ல சொன்னது, ரிலேட்டிவிட்டிங்கறது இதான். தரைக்கு வர்ற மியூவானோட சராசரி சக்தி 4 கிகா எலக்ட்ரான் வோல்ட் பக்கம், அந்த வேகத்துல அதோட கடிகாரம் நம்ம கணக்குக்கு சுமார் 38 மடங்கு மெதுவா ஓடுது, அப்போ 2.2 ஆனது சுமார் 84 மைக்ரோ செகண்ட், 4 மைக்ரோ செகண்ட் பயணம் அதுக்கு ஒரு விஷயமே இல்ல, நூத்துக்கு 95 தப்பிச்சு வந்துடும். காத்துல சக்திய இழந்து நின்னு போற மெதுவானதுங்க தனி, அதனாலயும் கீழ எண்ணிக்கை கொஞ்சம் குறையும். இதையே மியூவான் பக்கத்துல இருந்து பாருங்க, அதோட கடிகாரம் அதுக்கு சரியாத்தான் ஓடுது, 2.2தான் ஆயுசு, ஆனா அதுக்கு எதிர்ல வர்ற மலை சுருங்கித் தெரியுது, 1,200ஐ 38ஆல வகுங்க, 32 மீட்டர் கூட வரல. ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலையே அதுக்கு பத்து மாடி கட்டடம். எனக்கு ரிலேட்டிவிட்டில எந்த விளக்கத்த விடவும் இது பிடிக்கும், ஏன்னா நாம பஸ்ஸுல வாந்தி எடுத்துட்டே ஏறின மலை அது.

இத நீங்களே அளக்க முடியுமான்னா, மேகப் பெட்டிய வச்சு முடியாது, நேர்மையா சொல்லிடறேன். ஏற்காட்டுல ஒரு ராத்திரி எண்ணி, சேலத்துல ஒரு ராத்திரி எண்ணி ஒப்பிட்டா, வித்தியாசம் மியூவானால வந்ததா, அன்னைக்கு ஐஸ் நல்லா இருந்ததா, உங்களுக்குக் கண்ணு சொருகினதான்னு பிரிக்கவே முடியாது. எண்ணிக்கைல இன்னொரு தொல்லை, இந்த மாதிரி தற்செயலா வர்றத எண்ணினா எண்ணிக்கையோட வர்க்கமூலம் அளவுக்கு ஆட்டம் இருக்கும். நூறு எண்ணினா பத்து முன்னப் பின்ன, அதாவது 10 சதவீதம். 2,500 எண்ணினா 50, வெறும் 2 சதவீதம். மேல கீழ வித்தியாசத்த நம்பிச் சொல்லணும்னா ஆயிரக்கணக்குல எண்ணணும், அதுக்கு மிஷின்தான் லாயக்கு.

அந்த மிஷினும் எட்டாக்கனி இல்ல, அமெரிக்காவுல இருக்கற எம்ஐடில மாணவர்களுக்காக காஸ்மிக் வாட்ச்னு ஒரு டிசைன் போட்டு எல்லாருக்கும் இலவசமா விட்டிருக்காங்க, சின்டிலேட்டர்னு ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதுல துகள் பட்டா மினுக்குன்னு ஒளி வரும், அத ஒரு சென்சார் பிடிக்கும், ஆர்டுயினோன்னு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு எண்ணும். சாலிடரிங் தெரிஞ்ச பாலிடெக்னிக் பசங்க ரெண்டு பேரு சேந்தா முடிச்சுடலாம், சின்டிலேட்டர் வாங்கறதுதான் கொஞ்சம் அலைச்சல். ரெண்டு பெட்டி செஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு வைக்கணும், ரெண்டுலயும் ஒரே நேரத்துல அடிச்சா மட்டும் கணக்குல சேத்துக்கணும், ஒண்ணுல மட்டும் அடிச்சா அது பெரும்பாலும் உள்ளூர் கதிர்வீச்சு, தள்ளிடணும். இந்த உத்திக்கு புருனோ ரோஸி 1930ல ஒரு சர்க்யூட் போட்டார், ரெண்டும் வந்தாத்தான் ஆமான்னு சொல்ற சர்க்யூட், கம்ப்யூட்டர் காரங்க ஆண்ட் கேட்னு சொல்றாங்களே, அதோட முன்னோடி. அதே மிஷின், அதே அமைப்பு, மேல ஒரு முழு நாள், கீழ ஒரு முழு நாள், அன்னைக்கு காத்தழுத்தத்தையும் குறிச்சு வைங்க, ஏன்னா அழுத்தம் ஏறினா மியூவான் குறையும். நோட்டுல தேதி, இடம், நேரம் இல்லாத எண் எண்ணே இல்ல.

"இதனால என்ன யூஸ்?"

பெட்டிய மாடில வச்சதும் கண்டிப்பா யாராவது ஒருத்தர் வந்து கேப்பாங்க. எங்க வீட்டுல மாமா. அவருக்கு செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கோடெல்லாம் நல்லா வேடிக்கை பாத்துட்டு, "ஏ மாப்ள, எல்லாம் சரி, இத வச்சு என்ன பண்ணுவாங்க, யாருக்கு என்ன லாபம்?"னு கேட்டார்.

இந்த எடத்துல நிறைய பேரு ஒரு பட்டியல ஒப்பிப்பாங்க, ஜிபிஎஸ், எம்ஆர்ஐ, இன்டர்நெட்னு. அதெல்லாம் பொய் இல்ல, ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரம் ரிலேட்டிவிட்டியால நாளைக்கு 38 மைக்ரோ செகண்ட் முந்தி ஓடுது, அத திருத்தலன்னா ஒரே நாள்ல பத்து கிலோமீட்டருக்கு மேல இடம் தப்பிடும் (மேல வந்த 38க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, தற்செயல்). ஆனா பட்டியல் கேக்கறவங்களுக்கு சலிச்சுடும், அவங்க பொழப்புல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்து முழுசா சொல்லுங்க, அது போதும்.

நான் மாமா கிட்ட டச், அதாவது வெள்ளியோட சுத்தம் பத்திக் கேட்டேன். "மாமா, வெள்ளி எத்தன டச்னு இப்போ எப்படி பாக்கறீங்க?" "மிஷின்லதான், வச்சா ஒரு நிமிஷத்துல வெள்ளி இவ்ளோ செம்பு இவ்ளோன்னு சீட்டு வந்துடும்." அந்த மிஷின் எக்ஸ்ஆர்எஃப். எக்ஸ்ரேவ கொலுசு மேல அடிக்கும், கொலுசுல இருக்கற ஒவ்வொரு தனிமமும் தனக்குன்னு இருக்கற சக்தில எக்ஸ்ரேவ திருப்பி விடும், வெள்ளி 22 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம், செம்பு 8 பக்கம், அத வச்சு எது எவ்ளோன்னு சொல்லிடுது. இதுக்கு அடித்தளம் போட்டது யாருன்னா, 1913ல ஹென்றி மோஸ்லின்னு இங்கிலாந்துல ஒரு இளைஞர். அவருக்கு வெள்ளி யாவாரம் நோக்கமே இல்ல. தனிம வரிசை அட்டவணைல இதுக்கு அப்புறம் இதுன்னு எடை பாத்து வச்சிருக்காங்களே, சில இடத்துல இடிக்குதே, உண்மையான வரிசைக்குக் காரணம் என்னன்னு பாக்க ஒவ்வொரு தனிமமும் விடற எக்ஸ்ரேவ அளந்தார். அணுக்கரு மின்னூட்டம் ஒவ்வொண்ணா ஏற ஏற அதிர்வெண்ணும் ஒழுங்கா ஏறறதக் கண்டார், அணு எண்ணுக்கு அர்த்தம் வந்தது அதுல இருந்துதான், இன்னும் கண்டுபிடிக்காத தனிமம் எங்கெங்க இருக்கணும்னும் சொன்னார். ரெண்டு வருஷத்துல, 1915ல, முதல் உலகப் போர்ல, துருக்கில கலிப்போலிங்கற எடத்துல குண்டடி பட்டுச் செத்துப் போனார், வயசு 27. அவரு கிட்ட யாராவது போய் "இதனால என்ன யூஸ் தம்பி"ன்னு கேட்டிருந்தா, சேலத்துல கொலுசுக்கு டச் பாக்கலாம்னு அவரால சொல்லியிருக்க முடியுமா? மாமா கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப கூலி யாரு குடுத்தா அவனுக்கு?"ன்னார். அதுதான் சரியான கேள்வி.

ஏன்னா காசு யாருதுங்கறது உண்மையிலேயே பிரச்சினைதான், அடிப்படை ஆராய்ச்சின்னா கேள்வியே கேக்கக் கூடாதுன்னு பேசறவங்க கூட எனக்கு ஒத்துப் போறதில்ல. தேனி பக்கம் பொட்டிப்புரத்துல நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரில மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது, சுமார் 1,500 கோடி. மலையக் குடையறது, தண்ணி, காடுன்னு ஊர்க்காரங்க எதிர்த்தாங்க, கோர்ட்டுக்குப் போச்சு, ஆய்வகம் இன்னும் எழும்பல. எனக்கு அந்த ஆய்வகம் வரணும்னு ஆசைதான், ஆனா அவங்க கேட்டதுக்கு முட்டாள்னு பதில் சொன்னது யாருக்கும் உதவல, இதே மாதிரி ஒரு பெட்டிய ஊர் மந்தைல வச்சுக் காட்டி, நீங்க கேளுங்க நாங்க சொல்றோம்னு மொதல்லயே உக்காந்திருக்கணும். இதுல வேடிக்கை, இந்த விஷயத்துல நாம புதுசு கூட கிடையாது. கோலார் தங்கச் சுரங்கத்துல ரெண்டு கிலோமீட்டருக்கும் ஆழத்துல வச்ச கருவியில 1965லயே காத்து மண்டலத்துல பொறக்கற நியூட்ரினோவப் பதிவு பண்ணிட்டாங்க, உலகத்துல மொதல்ல கண்ட ரெண்டு குழுல ஒண்ணு. மியூவான் கூடவே பொறக்குதுன்னு மேல சொன்னேன்ல, அதே நியூட்ரினோ.

ஊட்டில கிரேப்ஸ்-3னு டாடா ஆராய்ச்சி நிறுவனத்தோட கருவி இன்னும் ஓடுது, மியூவான எண்ணிக்கிட்டே இருக்கு. 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஒரு இடிமேகம் தலைக்கு மேல போனப்போ மியூவான் எண்ணிக்கை கொஞ்ச நிமிஷம் இறங்கிச்சு, அத வச்சுக் கணக்குப் போட்டு அந்த மேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் இருந்திருக்குன்னு சொன்னாங்க. வில்சனே 1920கள்ல இடிமேகத்துக்குள்ள நூறு கோடி வோல்ட் அளவுல இருக்கலாம்னு சொல்லி வச்சிருந்தார், அளந்து காட்டினது நம்ம நீலகிரி. எகிப்துல கூஃபு பிரமிடுக்குள்ள யாருக்கும் தெரியாத ஒரு பெரிய காலி இடம் இருக்குன்னு 2017ல கண்டுபிடிச்சதும் மியூவான வச்சுத்தான், ஒரு கல்லக் கூட நகத்தல.

ஆனா எல்லா ஆராய்ச்சியும் ஒரு நாள் காசாகும்னு யாருக்கும் வாக்குக் குடுக்காதீங்க. ஆகாததும் நிறைய, எது ஆகும்னு முன்கூட்டி தெரிஞ்சா அதுக்குப் பேரு ஆராய்ச்சியே இல்ல. மியூவான் எதுக்கு இருக்குங்கறதே இன்னும் தெரியாது. அது இல்லாமலே அணு இருக்கும், உப்பு இருக்கும், நாம இருப்போம், அப்புறம் எதுக்கு எலக்ட்ரானுக்கு ஒரு குண்டு அண்ணன்? ஐ.ஐ. ரபிங்கற அமெரிக்க இயற்பியலாளர் "இத யாரு ஆர்டர் பண்ணது?"ன்னு கேட்டதா சொல்லுவாங்க. அப்புறம் டாவ்னு அத விடக் குண்டா மூணாவது ஒண்ணும் வந்துடுச்சு. ஏன் மூணு, ஏன் நாலு இல்லன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் பதில் சொல்லல.

ஆளுங்களக் கூப்ட்டுக் காட்டறதுன்னா ஒரு விஷயம், விளக்கத்த அப்புறம் வச்சுக்கங்க. லைட்ட அணைச்சு, டார்ச்ச அடிச்சு, அஞ்சு நிமிஷம் சும்மா பாக்க விடுங்க, கேள்வி அவங்க கிட்ட இருந்து வரட்டும், ரிலேட்டிவிட்டில ஆரம்பிச்சா பாதிப் பேரு கீழ இறங்கிடுவாங்க. பெட்டி ஒரு மணி நேரம் வரைக்கும் நல்லா ஓடும், மங்கினா ஃபெல்ட்ல ஆல்கஹால் தீந்திருக்கும், டார்ச்ச தள்ளி வச்சுட்டு திரும்ப நனைச்சுக்கலாம். முடிஞ்ச பிறகு மிச்ச டிரை ஐஸ சிங்க்குல கொட்டாதீங்க, குழாய் வெடிக்கும், மாடிலயே தெர்மாகோல் பெட்டில மூடி திறந்தபடி விட்டுட்டா காலைல ஒண்ணும் இருக்காது. கதவ மட்டும் பூட்டிட்டு வாங்க, பிள்ளைங்க தொட்டுடும்.